அண்ணியைவிட ஆறு அங்குலம்

செப்டம்பர் 5, வெள்ளி

லென்ஸ் கம்பெனிக்காரர் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி இது. எட்டு மாதமாகக் கடை டிராயரில் சும்மா கிடந்தது. இன்று மதியம் கண்ணாடி போட ஒருவரும் வரவில்லை, அதனால் எடுத்தேன். வேறு காரணம் ஒன்றும் இல்லை.

அண்ணாவுக்குக் கல்யாணமாகி இன்றோடு எட்டு நாள். நாத்தனார் என்ற முறையில் மூன்றாவது முடிச்சை நான்தான் போட்டேன். போட்டோவில் என் முகத்தைப் பார்த்தால் அரிசி மூட்டைக்கு வாய் கட்டுகிறவள் போல இருக்கிறது.

ஐந்து வருடமாகக் காலை ஒன்பதே காலுக்கு அண்ணாவின் பைக்கில்தான் கடைக்கு வருகிறேன். நெய்வேலி மெயின் பஜாரில் என்னை இறக்கிவிட்டு, அவன் வடலூர்ப் பக்கம் பாலிடெக்னிக்குக்குப் பாடம் நடத்தப் போவான். எனக்கு ஸ்கூட்டி ஓட்டத் தெரியாது. தெரிந்துகொள்ள அவசியம் வந்ததில்லை. இன்று சாவியைக் கையில் சுழற்றிக்கொண்டே, "பாப்பா, இனிமே நீ ஷேர் ஆட்டோல போயிடேன். காலைல மித்ராவோட கொஞ்சம் வெளிய போறேன், டைம் ஒத்துவராது" என்றான். "சரிண்ணா" என்றேன். நான் ஏன் கோபப்படப் போகிறேன்.

ஷேர் ஆட்டோவில் யாருடைய முருங்கைக்கீரைக் கட்டோ என் மடியில் வந்தது. இறங்கும்போது துப்பட்டா முழுக்க இலை.

செப்டம்பர் 8, திங்கள்

இருவரும் காலையில் எங்கே போகிறார்கள் என்று தெரிந்துவிட்டது. எங்கேயும் போகவில்லை, வாசல் சாலையில்தான் இருக்கிறார்கள்.

அண்ணி சீர் வரிசையோடு ஒரு லாங்போர்டும் கொண்டுவந்திருக்கிறாள், அடியில் நாலு சக்கரம் வைத்த பலகை. சினிமாவில் பையன்கள் படிக்கட்டில் குதிப்பார்களே, அந்தப் பலகை குட்டை. இது நீளம், நாற்பது அங்குலம். இதில் வித்தை காட்ட வேண்டியதில்லை. ஏறி நின்று, ஒரு காலால் தரையைத் தள்ளிவிட்டு, ஹாயாகப் போக வேண்டியதுதான். அவள் சென்னையில் கோட்டிவாக்கத்துக் கடற்கரைச் சாலையில் ஓட்டிப் பழகியவளாம். எங்கள் டவுன்ஷிப் சாலைகளைப் பார்த்து, "இவ்ளோ அகலம், இவ்ளோ மரம், வண்டியே இல்ல! சொர்க்கம்ங்க!" என்று அண்ணாவிடம் சொன்னாள். இருபத்தைந்து வருடமாக இங்கே இருக்கிறேன், எனக்கு ஒருவரும் சொல்லவில்லை இது சொர்க்கமென்று.

துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு போகிறாள். எதிர் வீட்டுக்காரர்கள் கேட்டுக்கு வெளியே வந்து நின்று பார்க்கிறார்கள். அண்ணா பக்கத்திலேயே ஓடுகிறான். படிக்கிற காலத்தில் காலேஜ் பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடாதவன்.

செப்டம்பர் 10, புதன்

நானும் ஒரு லாங்போர்டு வாங்கப் போகிறேன். கடைக்குப் போக வர ஒரு வண்டி வேண்டும் இல்லையா. வீட்டிலிருந்து பஜார் இரண்டு கிலோமீட்டர்தான்.

"சைக்கிள் வாங்கிக்கடி" என்றாள் அம்மா. "ஆபீஸ்ல பாதிப் பேரு சைக்கிள்லதான் வராங்க."

"சைக்கிளை எங்கம்மா நிறுத்தறது? கடைக்குள்ள வைக்க முடியாது. இதுன்னா சுவத்துல சாய்ச்சு வெச்சிடலாம்."

அம்மா என்னையே பார்த்தாள். அப்பா போன பிறகு அவருடைய வேலையில் சேர்ந்து, இந்த குவார்ட்டர்ஸைத் தன் பெயருக்கு வாங்கி, எங்கள் இரண்டு பேரையும் ஆளாக்கியவள். அவளிடம் பொய் சொல்வது கஷ்டம். ஆனால் நான் சொன்னது பொய் இல்லை. சுவரில் சாய்த்து வைக்கலாம்தானே.

செப்டம்பர் 12, வெள்ளி

சென்னையில் ஒரு கடைக்குப் போன் செய்தேன். எடுத்தவர் பொறுமைசாலி.

"எதுக்கு மேடம் ஓட்டப்போறீங்க? இறக்கத்துல ஸ்பீடா போகவா, சும்மா போக வரவா?"

"போக வர."

"முதல் போர்டா? வெயிட் எவ்ளோ? உயரம்?"

ஐம்பத்தெட்டு கிலோ, ஐந்தடி இரண்டு அங்குலம் என்று சொன்னேன். பெண் பார்க்க வந்தவர்கள்கூட இவ்வளவு கேட்டதில்லை.

"ரோடு எப்படி இருக்கும்?"

"சூப்பரா இருக்கும்." பஜார் பக்கம் தோண்டிப் போட்டு ஜல்லி பெயர்ந்து கிடப்பதைச் சொல்லவில்லை. ஊரை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை.

"அப்ப முப்பத்தெட்டு இன்ச் போதும் மேடம். பலகை கொஞ்சம் கீழ இறங்கின மாடலா எடுத்துக்கங்க. தரைக்குக் கிட்ட இருக்கும், தள்ள ஈஸி, கால் வலிக்காது."

"நாற்பதைவிடப் பெரிசா இல்லையா?"

"நாற்பத்தாறு இருக்கு. ஆனா திருப்ப நிறைய இடம் வேணும். நீங்க சொல்ற யூசுக்கு..."

"அதைக் கொடுங்க."

செப்டம்பர் 13, சனி

அண்ணிக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. எப்படியோ என்ன, அண்ணாவிடம் நான்தான் சொன்னேன். அவன் வயிற்றில் ஒன்றும் தங்காது. சமையலறையில் வந்து, "வானு, ஆர்டர் போட்டுட்டியா? பெரிய வீல், மெத்துன்னு இருக்கறதா கேளு. கெட்டி வீல் நம்ம ரோட்டுல பல்லை ஆட்டிடும்" என்றாள்.

அதனால்தான் போன் செய்து கெட்டி வீல் கேட்டேன். சிவப்பு நிறத்தில் அதுதான் இருந்தது என்பதும் உண்மை.

செப்டம்பர் 17, புதன்

வந்துவிட்டது! என் மார்பு உயரம். முன்னும் பின்னும் கூராக, நடுவில் அகலமாக, வாழையிலை போல. அண்ணியுடைய பலகையை வராந்தாவில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தேன். ஆறு அங்குலம் உயர்ந்து நிற்கிறது. அப்படியே அரை மணி நேரம் வைத்திருந்தேன், அண்ணா காலேஜிலிருந்து வரும்வரை. வந்தான், பார்த்தான். "ஏய், மித்ராவோடது ஏன் இங்க நிக்குது, வெயில்ல பலகை வளைஞ்சிடும்" என்று அதை உள்ளே தூக்கிக்கொண்டு போனான்.

புரட்டாசி ஒன்றாம் தேதி. வீட்டில் மீன் இல்லை. எல்லாமே கசப்பு.

செப்டம்பர் 21, ஞாயிறு

முதல் பாடம். "அண்ணா, கையைப் பிடிச்சுக்கோ" என்றேன். "எனக்கே சரியா வராது பாப்பா. மித்ரா சொல்லித் தருவா, அவ நல்லா சொல்லித் தருவா" என்றான், ஏதோ அவார்டு கொடுப்பதுபோல.

அண்ணி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். முன்கால் எங்கே, பின்கால் எங்கே, முழங்காலை லேசாக மடக்கு, தரையைப் பார்க்காதே, போகும் இடத்தைப் பார். ஏறுவதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் குனிந்து நாலு சக்கரத்தையும் பார்க்கச் சொன்னாள். "சின்னக் கல்லு மாட்டினா போதும் வானு, போர்டு அப்படியே நின்னுடும். நாம நிக்க மாட்டோம், பறந்துடுவோம்." அவளும் ஏறும்போதெல்லாம் குனிகிறாள். சாமி கும்பிட்டுவிட்டு ஏறுவதுபோல இருக்கிறது. எரிச்சலாக வந்தது.

எனக்குப் பல் ஆடியது. உள்ளங்கால் மரத்துப்போனது. அண்ணி ஒன்றும் கேட்காமல் உள்ளே போய், தன்னிடம் உபரியாக இருந்த பெரிய மெத்து வீல் நாலையும் எடுத்துவந்து, திண்டாடித் திண்டாடி நட்டைக் கழற்றி என் போர்டில் மாட்டினாள். நகத்தில் கிரீஸ். ஒரு தடவையாவது "நான்தான் அப்பவே சொன்னேனே" என்று சொல்லியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். சொல்லவில்லை. இவளை எதைப் பிடித்துத் திட்டுவது?

அவள் கை மெத்தென்று இருந்தது. பிடித்திருந்தது. அதுவும் பிடிக்கவில்லை.

செப்டம்பர் 24, புதன்

காலை எட்டரை. நான் தலை பின்னிக்கொண்டிருந்தேன். வெளியிலிருந்து அண்ணா குரல்: "பாப்பா, மெதுவா! வளைவுல மெதுவா பாப்பா!" நான் சீப்போடு வாசலுக்கு ஓடினேன். அவன் என்னைக் கூப்பிடவில்லை. அவளைக் கூப்பிட்டிருக்கிறான்.

பொறாமைதான். எழுதிவிட்டேன். அந்தப் பெயர் இருபத்தைந்து வருடமாக என்னுடையது. அவள் வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அடித்துவிடலாம் போல இருக்கிறது, யாரை என்றுதான் தெரியவில்லை.

இன்று ஒரு அம்மாவுக்கு இடது கண் லென்ஸை வலதில் மாட்டிக் கொடுத்துவிட்டேன். திரும்பி வந்து சத்தம் போட்டார்.

செப்டம்பர் 27, சனி

வீட்டிலிருந்து கடைவரைக்கும் போர்டிலேயே வந்தேன். இரண்டு கிலோமீட்டர். பஜார் ஜல்லியில் மட்டும் இறங்கி, பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தேன். மற்றபடி முழுக்க நின்றபடியே. மரங்கள் பின்னால் போய்க்கொண்டே இருந்தன. எதிர்க்காற்றில் கண்ணில் தண்ணீர் வந்தது. யாருடைய முதுகும் முன்னால் இல்லாமல் இந்தச் சாலையை இன்றுதான் பார்த்தேன்.

அண்ணா பார்க்கவில்லை. திரும்பிப் பார்த்தபோது முனைவரை பின்னாலேயே வந்து நின்று கை தட்டிக்கொண்டிருந்தவள் அண்ணி.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலையிலேயே பைக், மிக்சி, அம்மாவின் கத்தரிக்கோல், அண்ணியின் லேப்டாப், இரண்டு போர்டுகள் எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தோம். அம்மா இரண்டு போர்டுகளிலும் சாமந்திச் சரத்தைக் குறுக்கே கட்டித் தொங்கவிட்டாள். பிறகு சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம். பைக்குக்கு இரண்டு. அண்ணா ஏற்றினான், பட்டென்று நசுங்கியது.

"போர்டுக்கும் நாலு நாலு வைடி" என்றாள் அம்மா.

அண்ணி மெதுவாக, "அத்தை, இந்தச் சின்ன வீல் பழத்து மேல ஏறாது. வெட்டிக் குங்குமம் தடவி ரெண்டு பக்கமும் வெச்சிடலாமா?" என்றாள்.

"வண்டின்னா ஏறி நசுக்கணும்மா. அப்பதான் திருஷ்டி போகும்."

"சரிங்க அத்தை."

என் போர்டைக் கையால் தள்ளினோம். பழம் ஒன்றும் நசுங்காமல் நாலு பக்கமும் உருண்டது. அண்ணியுடையதும் அப்படியே. அம்மா முகம் சுருங்கிவிட்டது. அவளைச் சமாதானப்படுத்தத்தான் அண்ணி, "நான் ஏறி ஒரு ரவுண்டு போய்ட்டு வந்துடறேன் அத்தை, பூவோடயே" என்றாள். நான் என் போர்டின் பழங்களை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, அண்ணி போர்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதன் பழங்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். ஏறினாள், ஒரு தள்ளு தள்ளினாள். போர்டு நின்றது. அவள் நிற்கவில்லை.

வலது மணிக்கட்டு ஒடிந்துவிட்டது. ஆறு வாரம் மாவுக்கட்டு.

ஒரு பழம் எப்படியோ பலகைக்கு அடியில், பின் சக்கரத்துக்கு முன்னால் தங்கியிருக்கிறது. சாமந்திச் சரம் மறைத்திருந்தது. யார் கண்ணிலும் படவில்லை.

அக்டோபர் 3, வெள்ளி

அண்ணா லீவு போட்டுவிட்டு அவளுக்குத் தலை வாரிப் பின்னுகிறான். அம்மாவுக்கு டைபாய்டு வந்தபோது எனக்குப் பின்னிவிட்டுக் கற்றுக்கொண்ட பின்னல் அது. இடது கையில் ஸ்பூன் பிடிக்க வராததால் சோறும் அவனே ஊட்டுகிறான். கை ஒடிந்தும் அவளுக்குத்தான் லாபம்.

இப்படி எழுதினேனே, நான் என்ன ஜென்மம்.

அக்டோபர் 5, ஞாயிறு

கடைக்கு லீவு. ஆனாலும் சாவி வாங்கிக்கொண்டு வந்தேன், இதை எழுத.

வீட்டில் பெரிய சண்டை. அம்மா சொன்னாள்: "பூஜையில உட்கார்ந்துக்கிட்டு அது வேணாம், இது வெட்டிப் போடலாம்னு குறை சொன்னா இப்படித்தான் ஆகும். பலன் உடனே கிடைச்சிடுச்சு." அண்ணி உள்ளே படுத்திருந்தாள், எல்லாம் கேட்டிருக்கும். அண்ணா சட்டென்று எழுந்தான். அவன் அம்மாவிடம் குரல் உயர்த்தி நான் பார்த்ததே இல்லை. "வலியில கிடக்கறவளைப் பேசற பேச்சாம்மா இது? நாங்க வடலூர்லயே வீடு பார்த்துக்கறோம்" என்றான்.

அண்ணி ஏறும் முன் என்னிடம் ஏதோ கேட்டாள். நான் பழம் பொறுக்கிக்கொண்டிருந்ததால் சரியாகக் காதில் விழவில்லை. இதை முன்பே எழுதியிருக்க வேண்டும்.

அக்டோபர் 8, புதன்

விழுந்தது. காதில் நன்றாகவே விழுந்தது. "வானு, பழம் நாலையும் எடுத்துட்டியா?" என்று கேட்டாள். நான் "ம்" என்றேன்.

அக்டோபர் 9, வியாழன்

வடலூரில் வீடு கிடைத்துவிட்டதாம். புரட்டாசியில் குடி போகக் கூடாது என்பதால் காத்திருக்கிறார்கள். தலை தீபாவளிக்குக் கோட்டிவாக்கம் போய்விட்டு, திரும்பும்போது நேரே புது வீடு. அண்ணாவும் அம்மாவும் பேசிக்கொள்வதில்லை. அம்மா அவன் தட்டில் சோறு போடும்போது வேறு பக்கம் பார்க்கிறாள்.

அண்ணி வீட்டிலிருந்தே லேப்டாப்பில் வேலை பார்க்கும் கம்பெனியிலிருந்து போன். வலது கையில்லாமல் டிசைன் வேலை செய்ய முடியாதே, அவளுடைய புராஜெக்டை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். "பரவால்ல சார்" என்று சிரித்தபடி சொன்னாள். போனை வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அக்டோபர் 10, வெள்ளி

என் மடியில் மூன்று பழம் இருந்தது. மூன்று என்று எண்ணினேன். நாலாவது எங்கே என்று பார்த்தேன். சரத்துக்குப் பின்னால் மஞ்சளாகத் தெரிந்தது. பூ மஞ்சளும் பழ மஞ்சளும் ஒன்றில்லை. நாள் முழுக்கக் கண் பரிசோதிக்கிறவளுக்கு அது தெரியாதா? கையை நீட்டினால் எடுத்திருக்கலாம். அப்போது அண்ணா, "பாத்து பாப்பா" என்றான், அவளிடம். நான் "ம்" என்றேன்.

கை உடைய வேண்டும் என்று நினைக்கவில்லை. சத்தியமாக. அண்ணா முன்னால், அம்மா முன்னால், எதிர் வீட்டுக்காரர்கள் முன்னால் ஒரு தடவை அவள் தடுமாற வேண்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன். நினைத்தேன்.

அக்டோபர் 13, திங்கள்

நேற்று சொல்லிவிட்டேன்.

மதியம் அண்ணா சமையலறையில் அவளுக்குச் சோறு பிசைந்துகொண்டிருந்தான். அம்மா ஹாலில் இருந்தாள். நான் அண்ணி அறைக்குள் போய் நின்றேன். "அண்ணி, அந்தப் பழம் அங்க இருந்தது எனக்குத் தெரியும். தெரிஞ்சே 'ம்'னு சொன்னேன்" என்றேன். ஒத்திகை பார்த்த மற்ற வாக்கியங்கள் எல்லாம் மறந்துபோயின.

அண்ணி மாவுக்கட்டின் ஓரத்தில் பிரிந்திருந்த நூலை இழுத்துக்கொண்டிருந்தாள்.

"நான் குனிஞ்சு பார்க்காம ஏறவே மாட்டேன்" என்றாள். "பத்து வருஷமா. எங்கப்பா துடைச்சுக் கொடுத்தாக்கூடக் குனிஞ்சு பார்த்துட்டுத்தான் ஏறுவேன். அன்னைக்கு நீ சொன்னதால பார்க்கல வானு."

எனக்கு அழுகை வந்தது. அவளுக்கு வரவில்லை. "அழாதே. அவர்கிட்டயும் அத்தைகிட்டயும் நீயே சொல்லு. நான் சொன்னா கோள் சொன்ன மாதிரி இருக்கும்" என்றாள்.

சமையலறைக்குப் போனேன். அம்மாவையும் கூப்பிட்டேன். நின்றபடியே சொன்னேன். அம்மா என்னை அடிக்கக் கை ஓங்கினாள், பிறகு அந்தக் கையாலேயே தன் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்படியே அண்ணி அறைக்குப் போனாள். உள்ளே அம்மா அழுதது கேட்டது, "அத்தை, விடுங்க அத்தை" என்பது கேட்டது.

அண்ணாவின் கை சாம்பார் சாதத்தில் அப்படியே இருந்தது. "ஏன்?" என்று கேட்டான்.

"நீ அவங்களைப் பாப்பான்னு கூப்பிட்ட."

சொன்ன பிறகுதான் எவ்வளவு சின்னக் காரணம் என்று தெரிந்தது. அவன் திட்டுவான் என்று நினைத்தேன். திட்டினால் பரவாயில்லை என்றுகூட இருந்தது. அவன் குழாயில் கை கழுவினான். விரல் விரலாக, ரொம்ப நேரம்.

"வடலூர் வீடு?" என்று கேட்டேன்.

"அதை மித்ரா சொல்லட்டும். இங்க இருக்கறதா, போறதா, எல்லாம் அவ சொல்லட்டும். இனிமே உன்னைக் கேட்டு ஒண்ணும் இல்ல, என்னைக் கேட்டும் இல்ல." பிறகு தட்டை எடுத்து என் கையில் கொடுத்தான். "கட்டுப் பிரிக்கிற வரைக்கும் நீ ஊட்டு."

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு அறையை விட்டு வந்தாள், என்னைத் தாண்டிப் போனாள். நான் உள்ளே போய்க் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். சாம்பார் சாதம், ஓரத்தில் கத்திரிக்காய் வதக்கல். ஒரு வாய் உருட்டி நீட்டினேன். அண்ணி வாயைத் திறக்கவில்லை. என் விரல்களையே பார்த்தாள்.

"முதல்ல நீ ஒரு வாய் சாப்பிடு" என்றாள்.

விளையாட்டுக்குச் சொல்கிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். சிரிக்கவில்லை. அந்த உருண்டையை நானே சாப்பிட்டேன். விழுங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் வாயைத் திறந்தாள்.